புதிர்களும் அறிவுக்கூர்மையும்: ஒரு நம்பிக்கையின் வரலாறு

தருக்கப் புதிர் என்பது, கொடுக்கப்பட்ட சில விதிகளையும் தகவல்களையும் மட்டுமே கொண்டு, படிப்படியாகக் காரணம் கண்டு விடையை அடைய வேண்டிய புதிர். ஆற்றைக் கடக்கும் புதிர், பொய்யர்-மெய்யர் புதிர், சுடோக்கு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இத்தகைய புதிர்கள் அறிவைக் கூர்மையாக்கும் என்பதும், முதுமையில் நினைவிழப்பைத் தடுக்கும் என்பதும் இன்று பரவலாக உள்ள நம்பிக்கைகள். முதல் நம்பிக்கைக்கு ஏறத்தாழ 1200 ஆண்டு வரலாறு உண்டு. இரண்டாவது, அண்மைப் பத்தாண்டுகளில் வலுப்பெற்றது.

இவ்வரலாறு நெடுகிலும் ஒரு கேள்வி தொடர்ந்து வருகிறது. புதிர்களில் வல்லவர்கள் பெரும்பாலும் கூர்மதி உடையவர்களாக இருக்கிறார்கள். புதிர் என்னும் சாணைக்கல்லில் தீட்டியதால் அவர்கள் அறிவு கூர்மை பெற்றதா, அல்லது முன்பே கூர்மையாக இருந்தவர்களைப் பிரித்துக் காட்டும் சல்லடைதான் புதிரா? புதிர்களின் மனநலப் பயன் பற்றிய ஆய்வுகள் அனைத்தும் இக்கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளன.

இளைஞரைக் கூர்மைப்படுத்தும் கணக்குகள்

தமிழ்நாட்டில் புலி, ஆடு, புல்லுக்கட்டு என்று சொல்லப்படும் புதிரைக் கேளாத குழந்தைகள் குறைவு. படகுக்காரன் ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே அக்கரைக்குக் கொண்டு செல்ல முடியும். அவன் இல்லாத இடத்தில் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். மூன்றையும் எப்படிக் கடத்துவது? இப்புதிரின் இன்று கிடைக்கும் மிகப் பழைய எழுத்து வடிவம் ஐரோப்பாவின் ஒரு லத்தீன் தொகுப்பில் உள்ளது. அதில் ஓநாய், ஆடு, முட்டைக்கோசு என்று வருகிறது.

சுமார் 53 கணக்குகள் கொண்ட அத்தொகுப்பை, இங்கிலாந்தின் யார்க் நகரைச் சேர்ந்த அல்குயின் (இறப்பு 804) இயற்றியதாகக் கருதுகின்றனர். அவர் பேரரசர் சார்லமேனின் அவையில் கல்விப் பணிக்குத் தலைமை தாங்கியவர். தொகுப்பின் லத்தீன் தலைப்புக்கு ‘இளைஞரைக் கூர்மைப்படுத்தும் கணக்குகள்’ என்று பொருள். புதிர் சாணைக்கல் என்னும் கருத்து இத்தலைப்பிலேயே உள்ளது. அதே அல்குயின், பேரரசருக்கு எழுதிய ஒரு கடிதத்தில், எண்கணித நுட்பங்கள் சிலவற்றை மகிழ்ச்சிக்காக அனுப்புவதாகவும் குறிப்பிட்டார். கூர்மை, மகிழ்ச்சி என்னும் இரண்டு நோக்கங்களும் தொடக்கத்திலிருந்தே புதிரோடு இணைந்துள்ளன.

ஆற்றுப் புதிரில் தடுமாறுவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றனர். அக்கரை சேர்த்த ஆட்டை மீண்டும் இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இலக்கை நோக்கியே செல்ல வேண்டும் என்ற பழக்கத்தை ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால் ஏழு பயணங்களில் வேலை முடிந்துவிடும். இத்தகைய பழக்க முறிவையே புதிரின் கல்விப் பயனாக ஆசிரியர்கள் கண்டனர்.

புதிரைக் கல்வியோடு இணைக்கும் வழக்கம் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. தமிழில் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம், நிலம், பொன், நெல் ஆகியவற்றின் அளவைகளைச் செய்யுளில் கற்பிக்கும் நூல். பூசணிக்காயை அரியாமலே அதன் விதைகளைக் கணக்கிடும் முறை போன்ற வினோதக் கணக்குகளும் அதில் உள்ளன.

பித்தும் தெளிவும்

19-ஆம் நூற்றாண்டில் அச்சு மலிவாகி, புதிர் வகுப்பறையை விட்டுச் சந்தைக்கு வந்தது. 1880-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘பதினைந்து புதிர்’ பெரும் மோகமாகப் பரவி, விரைவில் ஐரோப்பாவையும் பற்றிக்கொண்டது. 16 கட்டங்கள் உள்ள பெட்டியில் 15 எண்கட்டைகள் இருக்கும். ஒரு கட்டம் காலி. கட்டைகளை நகர்த்தி எண்களை வரிசைப்படுத்த வேண்டும். 14, 15 ஆகிய இரண்டு மட்டும் இடம் மாறியிருக்கும் நிலையிலிருந்து தொடங்கினால் விடையே கிடையாது. கட்டைகளை எப்படி நகர்த்தினாலும் அந்நிலையிலிருந்து சரியான வரிசையை அடைய முடியாது என்று 1879-இலேயே கணித இதழ் ஒன்றில் நிறுவப்பட்டிருந்தது. அதை அறியாத மக்கள் இரவு பகலாகக் கட்டைகளைத் தள்ளினர். புதிர் மனிதரைப் பித்தாக்குகிறது என்று அக்காலப் பத்திரிகைகள் கேலியும் கவலையுமாக எழுதின.

இதற்கு நேர்மாறான நிலையை எடுத்தவர் லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரில் எழுதிய சார்லஸ் டாட்ஜ்சன் (1832-1898). ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்த அவர், 1886-இல் ‘தருக்க விளையாட்டு’ என்னும் நூலை ஒரு பலகையும் ஒன்பது வில்லைகளும் சேர்த்து வெளியிட்டார். 1896-இல் குறியீட்டுத் தருக்கம் பற்றிய நூலின் முதற்பகுதி வந்தது. தருக்கப் பயிற்சி பெற்றவர் எப்பொருளிலும் தெளிவாகச் சிந்திப்பார் என்றும், நூல்களிலும் மேடைப்பேச்சுகளிலும் மறைந்திருக்கும் போலி வாதங்களைக் கண்டுகொள்வார் என்றும் கரோல் உறுதியாக நம்பினார். பள்ளி மாணவியருக்கும் அவரே தருக்கம் கற்பித்தார். ஓரிடத்தில் பெற்ற பயிற்சி வேறிடத்திலும் உதவும் என்பதே அவரது வாதத்தின் அடிப்படை. உளவியலில் இதைப் ‘பயிற்சி மாற்றம்’ என்பர்.

ஒரு தெருவும் இராமானுசனும்

புதிர் தருவது என்ன என்பது, அதை எதிர்கொள்பவர் கொண்டுவருவதையும் பொறுத்தது. இதற்குப் பெயர்பெற்ற சான்று கணித மேதை சீனிவாச இராமானுசன் வாழ்வில் உள்ளது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற புதிராசிரியர் ஹென்றி டூட்னி (1857-1930) ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் தொடர்ந்து எழுதிவந்தார். 1914 டிசம்பர் இதழில் வந்த ஒரு புதிரை, அப்போது கேம்பிரிட்ஜில் படித்த பி. சி. மகலனோபிசு இராமானுசனுக்குப் படித்துக் காட்டினார்.

ஒரு தெருவின் ஒரே பக்கத்தில் வீடுகள் 1, 2, 3 என்று வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு குறிப்பிட்ட வீட்டின் இடப்புற எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புற எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அவ்வீட்டின் எண் என்ன? விடை 204, மொத்த வீடுகள் 288. மகலனோபிசு சில நிமிடங்களில் முயன்று பார்த்து விடையைக் கண்டிருந்தார். அடுப்பருகே காய்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுசன் உடனே ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அது அந்தத் தெருவுக்கு மட்டுமின்றி, அந்நிபந்தனைக்கு உட்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் விடை தந்தது. எட்டு வீடுகள் இருந்தால் 6, நாற்பத்தொன்பது இருந்தால் 35 என்று விடைகள் முடிவின்றி நீளும்.

ஒரே புதிர் ஒருவருக்கு ஒரு விடையையும் மற்றவருக்கு முடிவிலா விடைகளின் அமைப்பையும் காட்டியது. அந்த வேறுபாட்டைப் புதிர் உண்டாக்கவில்லை. பல ஆண்டுகளாகத் தொடர் பின்னங்களோடு இராமானுசன் கொண்டிருந்த பழக்கமே அதை உண்டாக்கியது.

தார்ன்டைக்கின் ஐயம்

கரோலின் நம்பிக்கையைப் போன்ற ஒன்றே அக்காலப் பள்ளிக் கல்வியின் அடித்தளமாகவும் இருந்தது. லத்தீனும் வடிவியலும் வாழ்க்கையில் நேரடியாகப் பயன்படாவிட்டாலும், அவை மூளைக்கு உடற்பயிற்சி போன்றவை என்று கல்வியாளர்கள் கருதினர். இதை முதலில் சோதித்தவர்களுள் அமெரிக்க உளவியலாளர்களான எட்வர்டு தார்ன்டைக்கும் ராபர்ட் உட்வொர்த்தும் அடங்குவர். 1901-இல் வெளியான ஆய்வில், செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடும் பயிற்சியை அவர்கள் அளித்தனர். பயின்ற வடிவத்திலும் அளவிலும் திறன் உயர்ந்தது. வடிவமோ அளவோ மாறியபோது அந்த உயர்வு பெரிதும் குறைந்தது.

1924-இல் தார்ன்டைக் 8,500-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்தார். எந்தப் பாடத்தைப் படித்தவர்களின் பொதுச் சிந்தனைத் திறன் ஓராண்டில் அதிகம் உயர்ந்தது என்பது அவர் கேள்வி. பாடங்களுக்கிடையே வேறுபாடு மிகச் சிறிதாகவே இருந்தது. தொடக்கத்தில் திறன் மிகுந்திருந்தவர்கள் எதைப் படித்தாலும் அதிகம் முன்னேறினர். சில பாடங்கள் நல்ல சிந்தனையாளர்களை உருவாக்குவதுபோலத் தோன்றுவதற்கு, நல்ல சிந்தனையாளர்கள் அப்பாடங்களைத் தேர்ந்தெடுப்பதே முதன்மைக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். புதிர்கள் அவரது ஆய்வில் இடம்பெறவில்லை. ஆயினும் புதிர்களுக்கும் பொருந்தும் சல்லடைக் கேள்வியை அவர் அங்கே எழுப்பிவிட்டார்.

குறுக்கெழுத்தும் போரும்

அதே 1924-இல் அமெரிக்காவைக் குறுக்கெழுத்துப் புதிர் ஆட்கொண்டிருந்தது. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட அப்புதிர், 1924-இல் நூலாக வந்தபின் நாடெங்கும் பரவியது. அது தூய தருக்கப் புதிரன்று, சொல்லறிவும் வேண்டும். எனினும் புதிர்களின் மூளைப்பயன் பற்றிய பிற்கால விவாதங்களில் அதுவே பெரும்பங்கு பெற்றது. ‘நியூயார்க் டைம்ஸ்’ அவ்வாண்டில் இம்மோகத்தைப் பித்து என்றும் வீண்செயல் என்றும் கண்டித்துத் தலையங்கம் எழுதியது. பதினெட்டு ஆண்டுகளுக்குள் அதன் நிலை மாறியது. போர்க்காலத்தில் வாசகருக்கு மனமாற்று தேவை என்று கருதி, 1942 பிப்ரவரி 15 முதல் அந்நாளிதழே குறுக்கெழுத்துப் புதிரை வெளியிடத் தொடங்கியது. கண்டித்த ஏடு, மனத்துக்கு நல்லது என்னும் காரணத்தாலேயே அதை ஏற்றுக்கொண்டது.

அதற்கு முந்தைய மாதம் லண்டனில் ‘டெய்லி டெலிகிராப்’ நாளிதழ் ஒரு போட்டி நடத்தியது. அதன் குறுக்கெழுத்துப் புதிரை 12 நிமிடத்துக்குள் முடிப்பவர் இருக்கிறாரா என்பதே சவால். சிலர் முடித்தனர். பின்னர் போட்டியாளர்கள் சிலருக்கு அரசிடமிருந்து மறைவான அழைப்பு வந்தது. ஜெர்மானியரின் மறைகுறிச் செய்திகளை உடைத்துவந்த பிளெட்ச்லி பார்க் நிலையத்துக்கு ஆள் தேவைப்பட்டது.

இந்நிகழ்ச்சி புதிர்களின் பெருமைக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அங்கே புதிர் பயன்பட்டது சல்லடையாக. புதிரால் யாரையும் அறிவாளியாக்கலாம் என்று பிரித்தானிய அரசு எண்ணவில்லை. ஏற்கெனவே தகுதியுள்ளவரைக் கண்டறியவே அதைப் பயன்படுத்தியது.

வரிக்குதிரை யாருடையது?

1962 டிசம்பரில் ‘லைப் இன்டர்நேஷனல்’ இதழில் ஒரு புதிர் வந்தது. ஐந்து வண்ணங்களில் ஐந்து வீடுகள், ஐந்து நாட்டவர், ஐந்து வளர்ப்பு விலங்குகள், ஐந்து பானங்கள், ஐந்து சிகரெட்டுகள். பதினைந்து குறிப்புகளைக் கொண்டு, தண்ணீர் குடிப்பவர் யார், வரிக்குதிரை யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். தருக்கப் புதிர்களில் மிகவும் புகழ்பெற்ற இது, ஐன்ஸ்டீன் சிறுவயதில் உருவாக்கியது என்றும், உலகில் 2 விழுக்காட்டினரால் மட்டுமே விடை காண முடியும் என்றும் பரப்பப்படுகிறது. இரண்டுக்கும் ஆதாரமில்லை. புதிரில் வரும் ‘கூல்’ என்னும் சிகரெட் விற்பனைக்கு வந்தது 1930-களில். அப்போது ஐன்ஸ்டீன் ஐம்பது வயதைக் கடந்திருந்தார்.

அட்டவணை ஒன்றை வரைந்து, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கிச் சென்றால், பொறுமை உள்ள எவரும் இதன் விடையைக் காணலாம். நார்வேக்காரர் தண்ணீர் குடிக்கிறார், வரிக்குதிரை ஜப்பானியருடையது. ஐன்ஸ்டீன் பெயரும் 2 விழுக்காடும் புதிரோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தீர்த்தவர் தம்மைத் தேர்ந்தெடுக்கப்பட்டவராக உணர்கிறார். சல்லடையில் தேறிய பெருமையே அப்புதிரின் விளம்பரமாயிற்று.

இதற்கு மாறாக, புதிரை மெய்யான கல்விக் கருவியாக்கியவர் அமெரிக்கத் தருக்கவியலாளர் ரேமண்ட் ஸ்மல்யன் (1919-2017). எப்போதும் உண்மை சொல்பவரும் எப்போதும் பொய் சொல்பவரும் மட்டுமே வாழும் தீவைப் பற்றிய எளிய கேள்விகளில் தொடங்கி, கியோடலின் முழுமையின்மைத் தேற்றம் வரை அவர் வாசகரை அழைத்துச் சென்றார். அங்கே புதிர் குறிப்பிட்ட ஒரு துறைக்குச் செல்லும் படிக்கட்டாக அமைந்தது. பொதுவான மூளைவலுவைத் தருவதாக அவரது நூல்கள் உறுதி கூறவில்லை.

நான்கு அட்டைகள்

தருக்கப் பயிற்சி எல்லா இடங்களிலும் உதவுமா என்ற கேள்விக்குப் பிரித்தானிய உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் வெளியிட்ட சோதனை புதிய பாதை வகுத்தது. மேசைமேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, ஓர் இரட்டை எண், ஓர் ஒற்றை எண். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்’ என்பது விதி. விதி உண்மையா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? உயிரெழுத்தையும் ஒற்றை எண்ணையும் திருப்ப வேண்டும். கற்றவர்களிலும் மிகச் சிலரே சரியாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் உயிரெழுத்தையும் இரட்டை எண்ணையும் தேர்ந்தனர்.

1982-இல் ரிச்சர்டு கிரிக்சும் ஜேம்ஸ் காக்சும் அதே அமைப்பை வேறு உடையில் தந்தனர். பீர் குடிப்பவர் 19 வயதைக் கடந்திருக்க வேண்டும் என்பது விதி. மேலே தெரிபவை பீர், கோக், 22 வயது, 16 வயது. எவரைச் சோதிக்க வேண்டும்? பெரும்பாலோர் பீரையும் 16 வயதையும் சரியாகத் தேர்ந்தனர். தருக்க அமைப்பு இரண்டிலும் ஒன்றே. மாறியது பழக்கமான சூழல் மட்டுமே. 1986-இல் பாட்ரீசியா செங்கும் அவர் குழுவினரும் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுவதும் தருக்கப் பாடம் பயின்ற மாணவர்களைச் சோதித்தனர். அட்டைப் புதிரில் அவர்களின் திறன் ஏறக்குறைய உயரவே இல்லை.

நினைவாற்றலிலும் இதே நிலைதான். 1980-இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட சோதனையில், சராசரித் திறனுள்ள ஒரு மாணவர் 20 மாதங்களில் 230 மணி நேரத்துக்கு மேல் எண்களை நினைவில் வைக்கப் பயின்றார். ஒரு முறை கேட்டு 7 இலக்கங்களைச் சொன்னவர் 79 இலக்கங்கள் வரை சொன்னார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைத் தந்தபோது அவரால் சுமார் 6 எழுத்துகளையே சொல்ல முடிந்தது. ஓட்டப் பந்தய வீரரான அவர் எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றி நினைவில் வைத்திருந்தார். அவரிடம் வளர்ந்தது எண்களுக்கான ஓர் உத்தி.

சுடோக்கு

இன்று உலகில் மிகவும் பரவியுள்ள தருக்கப் புதிர் சுடோக்கு. 81 கட்டங்களில், ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஒவ்வொரு சிறு சதுரத்திலும் 1 முதல் 9 வரையான இலக்கங்கள் ஒரு முறை மட்டுமே வர வேண்டும். கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை. இலக்கங்களுக்குப் பதில் ஒன்பது படங்களை வைத்தாலும் புதிர் மாறாது.

இதன் இன்றைய வடிவம் 1979-இல் அமெரிக்காவின் டெல் புதிர் இதழில் ‘எண் இடம்’ என்னும் பொருள் தரும் பெயரில் வெளியானது. உருவாக்கியவர் இண்டியானாபொலிஸ் நகரைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ். அப்போது அவருக்கு வயது 74. 1984-இல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் இதை வெளியிட்டது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான மாக்கி காஜி (1951-2021) வைத்த நீண்ட ஜப்பானியப் பெயரின் சுருக்கமே சுடோக்கு. இலக்கங்கள் தனித்தே இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். 1997-இல் ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற நியூசிலாந்துக்காரர் வெய்ன் கோல்டு, டோக்கியோ புத்தகக் கடையில் இதைக் கண்டார். புதிர்களை உருவாக்கும் கணினி நிரலைச் சில ஆண்டுகள் உழைத்து எழுதினார். 2004 நவம்பர் 12 அன்று லண்டன் ‘டைம்ஸ்’ முதல் சுடோக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டுக்குள் உலக நாளிதழ்கள் பலவற்றில் அது இடம்பெற்றது. கார்ன்ஸ் 1989-இலேயே இறந்துவிட்டதால் இப்பரவலை அவர் காணவில்லை.

சுடோக்கு பரவிய அதே காலத்தில் மூளைப் பயிற்சி பெரும் வணிகமாயிற்று. ஜப்பானிய நரம்பியலாளர் ரியூட்டா கவாஷிமாவின் பெயரோடு நிண்டெண்டோ நிறுவனம் 2005-இல் வெளியிட்ட மூளைப் பயிற்சி விளையாட்டின் மேலைநாட்டுப் பதிப்பில் சுடோக்கும் சேர்க்கப்பட்டது. மக்களின் ஆயுள் கூடி முதுமை மறதி குறித்த அச்சம் வளர்ந்திருந்த காலம் அது. அல்குயின் இளைஞருக்குத் தந்த வாக்குறுதி இப்போது முதியோருக்குத் தரப்பட்டது.

முதியோர் ஆய்வுகள்

2003-இல் ஜோ வர்கீஸ் குழுவினர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பற்றிய நெடுநாள் ஆய்வை வெளியிட்டனர். வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களிடம் முதுமை மறதி குறைவாகக் காணப்பட்டது. இச்செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் இத்தகைய ஆய்வில் ஒரு சிக்கல் உண்டு. முதுமை மறதி வெளிப்படையாகத் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளையில் தொடங்கிவிடுகிறது. விளையாட்டை விட்டதால் நோய் வந்ததா, நோய் தொடங்கியதால் விளையாட்டை விட்டனரா என்று பிரித்தறிவது எளிதன்று.

இச்சிக்கலைத் தவிர்க்கக் குலுக்கல் முறையில் குழு பிரிக்கும் சோதனை வேண்டும். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 2,832 பேரிடம் நடத்தப்பட்டு 2002-இல் முதல் முடிவுகள் வெளியான ‘ஆக்டிவ்’ ஆய்வு அத்தகையது. ஒரு குழுவுக்கு நினைவுப் பயிற்சி, ஒரு குழுவுக்கு வேகப் பயிற்சி, ஒரு குழுவுக்குத் தருக்கப் பயிற்சி, நான்காம் குழுவுக்கு எதுவுமில்லை. எழுத்துத் தொடர்களிலும் சொல் தொடர்களிலும் அமைப்பைக் கண்டு அடுத்தது எதுவென்று கூறுவது தருக்கப் பயிற்சியின் மையம். ஐந்தாறு வாரங்களில் பத்து அமர்வுகள். ஒவ்வொரு குழுவும் தான் பயின்றதில் மட்டுமே முன்னேறியது. பத்தாண்டுகளுக்குப் பின்பும் தருக்கக் குழுவிடம் அத்திறனின் ஒரு பகுதி எஞ்சியிருந்தது. பயிற்சி பெற்றவர்கள் அன்றாட வேலைகளில் தமக்குச் சிரமம் குறைவு என்றும் கூறினர். சாணைக்கல் வேலை செய்தது, ஆனால் தீட்டிய முனையை மட்டும்.

2010-இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர் 11,430 பேரிடம் ஆறு வாரம் நடத்திய இணையவழிச் சோதனையிலும் இதே முடிவு கிடைத்தது. பயின்ற பணிகளில் முன்னேற்றம், பயிலாத பணிகளில் இல்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகளின் வாக்குறுதிகளை எதிர்த்து 2014-இல் சுமார் 70 அறிவியலாளர்கள் அறிக்கை வெளியிட்டனர். சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பயிற்சிக்கு ஆதரவாக மறு அறிக்கை வெளியிட்டனர். 2016 ஜனவரியில், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்பது போன்ற ஆதாரமற்ற விளம்பரங்களுக்காக ‘லூமோசிட்டி’ மூளைப் பயிற்சியை விற்ற நிறுவனம் 20 லட்சம் டாலர் செலுத்த அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் உடன்பட்டது.

சாணைக்கல்லையும் சல்லடையையும் பிரித்தறிய மிகவும் உதவியது ஸ்காட்லாந்து ஆய்வு. அங்கே 1947-இல், 1936-ஆம் ஆண்டு பிறந்த பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் அறிவுத்தேர்வு நடத்தப்பட்டது. அவர்களுள் அபர்டீன் பகுதியைச் சேர்ந்த 498 பேரை, சுமார் 64 வயது முதல் 15 ஆண்டுகள் ஆய்வாளர்கள் தொடர்ந்து சோதித்தனர். பதினொரு வயதுத் திறன் முன்பே பதிவாகியிருந்ததால், பிறவித் திறனையும் பிற்காலப் பழக்கத்தையும் ஓரளவு பிரிக்க முடிந்தது. 2018-இல் வெளியான முடிவு இரு பகுதிகள் கொண்டது. புதிர் போன்ற சிக்கல்களைத் தீர்ப்பதில் வாழ்நாள் முழுவதும் ஈடுபட்டவர்களிடமும் முதுமையில் திறன் குறையும் வேகம் மற்றவர்களைப் போலவே இருந்தது. ஆனால் அவர்கள் உயர்ந்த நிலையிலிருந்து இறங்கத் தொடங்கினர். சரிவு அதே சரிவுதான் என்றாலும், மேட்டில் நிற்பவர் பள்ளத்தை அடையக் கூடுதல் காலம் ஆகும்.

நினைவுத்திறன் சற்றே குறையத் தொடங்கிய 107 பேரிடம் தேவானந்த் குழுவினர் 78 வாரம் நடத்தி 2022-இல் வெளியிட்ட சோதனையும் குறிப்பிடத்தக்கது. கணினி மூளை விளையாட்டுகளைவிடக் குறுக்கெழுத்துப் புதிர் சற்று நல்ல பலன் தந்தது. எதுவும் செய்யாத குழு அச்சோதனையில் இல்லாததால், இரண்டையும் ஒப்பிட மட்டுமே அது உதவும்.

எஞ்சும் பயன்

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் தெளிவாகின்றன. முதலாவது, புதிர் பயிற்சி வீணன்று. சுடோக்கு போடுபவர் சுடோக்கில் தேர்ச்சி பெறுகிறார், அத்தேர்ச்சி நீடிக்கிறது. ஆனால் அது தானாகவே வீட்டுக் கணக்குக்கோ, மாத்திரை வேளையை நினைவில் வைப்பதற்கோ மாறுவதில்லை. இரண்டாவது, வாழ்நாள் முழுவதும் கல்வியாலும் வேலையாலும் ஆர்வத்தாலும் சேரும் அறிவுச் சேமிப்பு முதுமையில் கைகொடுக்கிறது. புதிர் அச்சேமிப்பின் ஒரு சிறு பகுதியாக இருக்கலாம். எழுபது வயதில் திடீரெனத் தொடங்கும் பயிற்சியிலிருந்து ஐம்பது ஆண்டுப் பழக்கத்தின் பலனை எதிர்பார்க்க முடியாது. மூன்றாவது, முதுமை மறதியின் ஆபத்தைக் குறைப்பவை பெரும்பாலும் புதிர்ப் பக்கத்துக்கு வெளியே உள்ளன. 2024-இல் லான்செட் மருத்துவக் குழு பட்டியலிட்ட 14 காரணிகளில் குறைந்த கல்வி, செவித்திறன் இழப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், தனிமை ஆகியவை அடங்கும்.

இதில் குடும்பங்களைத் தொடும் ஒரு செய்தியும் உண்டு. மூளையைப் பயன்படுத்தாதவருக்கே மறதி வரும் என்ற எண்ணம், நோயுற்றவர் மீதே பழியைச் சுமத்துகிறது. பேராசிரியர்களுக்கும் கணித அறிஞர்களுக்கும் அந்நோய் வருகிறது. அது சோம்பலுக்குக் கிடைத்த தண்டனையன்று. நினைவு தளரும் தாயிடமோ தந்தையிடமோ மருந்தைப்போல் சுடோக்கைத் திணிப்பதும், அவர்கள் விடை தவறும்போது பதறுவதும் எவருக்கும் நன்மை தருவதில்லை. செவித்திறனையும் இரத்த அழுத்தத்தையும் சோதிப்பதும், அருகில் அமர்ந்து பேசுவதும் அவர்களுக்குக் கூடுதல் பயன் தரலாம்.

அவ்வாறு அமரும்போது இருவருக்கும் நடுவில் ஒரு புதிர் இருப்பதில் தவறில்லை. இளைஞரைக் கூர்மைப்படுத்தும் என்று தலைப்பில் உறுதி கூறிய அல்குயினின் வாக்கு, ஓர் எல்லைக்கு உட்பட்டே உண்மை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மகிழ்ச்சிக்காக அனுப்புகிறேன் என்று பேரரசருக்கு அவர் எழுதிய காரணத்துக்கு அத்தகைய எல்லை எதையும் எந்த ஆய்வும் விதிக்கவில்லை.